ஒருக்கா மட்டும் கேட்டவள்

பசி வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. வயிறு நிறைந்த பிறகும் அது அவ்வளவாக வேலை செய்வதில்லை என்பதை, ஒக்லாந்து நகரத்தின் நடுவில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கண்டுபிடித்தேன்.

அந்தக் கதைக்குப் போகுமுன் எங்கள் ஆட்களின் 'வேண்டாம்' பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து வீடு ஒன்றுக்குப் போகிறீர்கள். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். "ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறம்" என்று சொல்லவேண்டும். (குடித்திருக்க மாட்டீர்கள். விடிய எழும்பியதிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் பட்டிருக்காது.) இது முதலாவது வேண்டாம். மரியாதைக்குச் சொல்வது. "சும்மா ஒரு வாய் குடியுங்கோவன்" என்று மறுபடி கேட்பார்கள். "உங்களுக்கேன் வீண் கரைச்சல்" என்பது இரண்டாவது. வீட்டுக்காரரின் மனம் குளிரச் சொல்வது. மூன்றாம் தரமும் கேட்டு, அப்போதும் நீங்கள் வேண்டாம் என்றால்தான் அது உண்மையான வேண்டாம். ஆனால் அதற்குள் தேத்தண்ணி வந்துவிடும், பக்கத்தில் இரண்டு வடையும் இருக்கும். நாற்பத்தைந்து வருடமாக நான் இந்த விதிப்படிதான் சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை.

ரேவதி திருச்சிக்காரி. மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மூன்று வருடம் இருந்தோம். நான் சுங்கப் பத்திரம் நிரப்புகிறவள். அவள் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிறவள். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள். முதல்நாள் நான் "நீர் எந்த ஊர்?" என்று கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, எங்க ஊர்ல நாடகத்துல ராஜாதான் இப்படிப் பேசுவாரு" என்றாள். அவள் பேசினாள், நான் கதைத்தேன்; மூன்று வருடமும் இரண்டு பேரும் வாய் மூடவில்லை. பிறகு அவளுக்கு நகரத்தில் ஒரு பெரிய இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் மேசையில் ஒரு பிரின்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது கதைக்காது.

போய் ஒரு வருடத்தில், நல்ல மாரிகால ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ரேவதி போன் எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு சிட்டிக்கு வர்றீங்களா? யம்சா சாப்பிடலாம். என்னோட ட்ரீட்."

யம்சா என்றால் என்னவென்று அவளே விளக்கினாள். சீனர்களின் மத்தியானச் சாப்பாடு. பெரிய மண்டபத்தில் மேசை மேசையாக உட்கார்ந்திருப்போம். மூங்கில் கூடைகளில் அவித்த பலகாரங்களை அடுக்கிக்கொண்டு தள்ளுவண்டிகள் வரும். பிடித்ததை வாங்கி வைத்துத் தேநீரோடு சாப்பிடவேண்டியதுதான். ஏன் திடீரென்று ட்ரீட் என்று நான் கேட்கவில்லை. சாப்பாடு என்று வந்துவிட்டால் எனக்குக் காரணம் தேவைப்படுவதில்லை.

"சோறு இருக்குமோ?" என்று இவர் கேட்டார். சோறு இல்லாவிட்டால் என் கணவரின் அகராதியில் அதற்குப் பெயர் சிற்றுண்டி.

அடுத்தநாள் காலை, இவரும் மகள் ஆரணியும் இடியப்பமும் சொதியும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே வெறும் வயிற்றோடு வெளிக்கிட்டேன். ட்ரீட்டுக்கு வயிற்றில் இடம் வேண்டுமே. வெறுங்கையோடும் போகக்கூடாது என்று ஓர் ஐஸ்கிரீம் டப்பா நிறைய முறுக்கு எடுத்துக்கொண்டேன். (எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து ஐஸ்கிரீமைக் கண்டவர் எவருமில்லை.) நாங்கள் இருக்கும் தகனினியிலிருந்து நகரத்துக்கு ரயிலில் போய் இறங்கினால், மழை மேலிருந்து விழாமல் பக்கத்திலிருந்து வந்து கன்னத்தில் அறைந்தது. குடை இரண்டு தரம் தலைகீழாய்ப் புரண்டது. மாடிப்படி ஏறி அந்த மண்டபத்து வாசலை அடைந்தபோது நான் தண்ணீரில் விழுந்து எழும்பிய கோழி மாதிரி நின்றேன்.

ரேவதி வாசலில் காத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கண்ணுள்ள எவரும் "என்ன நடந்தது?" என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்டது, "அடேயப்பா, வடிவா மெலிஞ்சிட்டீர்! என்ன டயட் செய்யிறீர்? எனக்கும் சொல்லுமன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

மேசையில் உட்கார்ந்து தேநீர் வந்த உடனேயே அவளுடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது. "அக்கா, அஞ்சே நிமிஷம். இதை எடுத்தே ஆகணும். வண்டி வந்தா நீங்களே எடுத்து வைங்க, எனக்கு எதுன்னாலும் ஓகே" என்று சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டாள்.

முதலாவது வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் இளஞ்சிவப்பு ஏப்ரன் கட்டிய, அறுபது வயதிருக்கக்கூடிய அம்மா. மூடியைத் திறந்து காட்டினார். ஆவி பறக்க, கண்ணாடி போன்ற தோலுக்குள் இறால் தெரியும் கொழுக்கட்டைகள். எனக்கு வாய் ஊறியது. ஆனால் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே! நெஞ்சில் கை வைத்து, தலையைச் சாய்த்து, "நோ, நோ, தாங்க்யூ" என்று புன்னகைத்தேன். பிறகு அவர் மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தேன்.

அவர் மூடியை மூடிவிட்டுப் போய்விட்டார்.

வேலை அவசரமாக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது வண்டியில் இலையில் பொதிந்த சோறு இருந்தது. சோறு! இவரை நினைத்துக்கொண்டேன். இம்முறை 'நோ'வைக் கொஞ்சம் மெதுவாக, கடைசியில் இழுத்துச் சொன்னேன். அதுவும் போய்விட்டது. மூன்றாவது வண்டிக்கு நான் சொன்ன வேண்டாம் இருக்கிறதே, யாழ்ப்பாணத்தில் தொட்டில் பிள்ளைக்குக்கூட அது "ரெண்டு வையுங்கோ" என்று விளங்கியிருக்கும். அந்த வண்டியும் நிற்கவில்லை.

ரேவதியின் ஐந்து நிமிடம் இருபது நிமிடமாகிவிட்டது. நாலாபக்கமும் மேசைகளில் மூங்கில் கூடைகள் கோபுரமாக எழும்பின. பக்கத்து மேசைச் சின்னப் பெண் என் கண்ணைப் பார்த்தபடியே ஒரு கொழுக்கட்டையை முழுதாக விழுங்கினாள். பந்திக்கு முந்து என்பார்கள். பந்தியின் நடுவிலேயே உட்கார்ந்தும் பட்டினி கிடந்தவள் நான் ஒருத்திதான்.

பசி வந்தால் பத்தும் பறக்கும். எனக்கு முதலில் பறந்தது மானம். மேசைக்குக் கீழே பையில் கையை விட்டு, டப்பாவை மெல்லத் திறந்து, ஒரு முறுக்கை எடுத்துத் தேநீர்ச் சாடிக்குப் பின்னால் தலையைக் குனிந்து கடித்தேன். அது நான் சுட்ட முறுக்கு. 'கடக்' என்ற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது என்பது என் அபிப்பிராயம். இளஞ்சிவப்பு ஏப்ரன் அம்மா வண்டியை நிறுத்தித் திரும்பி வந்தார். வெளிச் சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று சுவரில் சிவப்புக் கோடு போட்ட படம் ஒன்றிருந்தது. அவர் அதை விரலால் காட்டினார். நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தேன். ஐயோ முருகா, பூமி பிளந்தால் நாற்காலியோடு உள்ளே போயிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து ரேவதி வந்தாள். கண் சிவந்திருந்தது. (குளிராக்கும்.)

"அக்கா! ஒண்ணுமே எடுக்கலையா?"

"அவா ஒருக்காத்தானே கேட்டவா!" என்றேன், வாய் நிறைய முறுக்கோடு.

வெறும் மேசையையும் டப்பாவையும் என் கன்னத்தையும் அவள் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகும் வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷியை நான் இவ்வளவு சிரிக்கவைத்துவிட்டேனே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"அக்கா, இங்கெல்லாம் முதல் தடவை வேணாம்னா வேணாம்தான்" என்றாள். "நம்ம சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்குவாங்க. திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் இவங்களுக்கு மரியாதைக் குறைவு. பதினோரு வருஷமா இருக்கீங்க, யாரும் சொல்லலையா?"

யார் சொல்வது? பதினோரு வருடமும் நான் தமிழர் வீடுகளில்தானே சாப்பிட்டேன்.

சொல்லித் தந்ததும் பிடித்துக்கொண்டேன். அதன்பிறகு வந்த வண்டி எதுவும் என்னைத் தாண்டிப் போகவில்லை. எல்லாவற்றுக்கும் "யெஸ்". இறால் கொழுக்கட்டை நான்கு கூடை, கோழிக்கால் இரண்டு தரம், இலைச் சோறு, என்னவென்று இன்றுவரை தெரியாத வெள்ளைச் சதுரம் ஒன்று. இளஞ்சிவப்பு ஏப்ரன் அம்மாவின் முகமும் மலர்ந்துவிட்டது. சமாதானத்துக்கு அவரிடம் முறுக்கு டப்பாவை நீட்டினேன். அவர் கையை ஆட்டி "நோ, நோ" என்றார். நான் உடனே டப்பாவை மூடிவிட்டேன்.

"பாத்தீரோ, படிச்சிட்டன்" என்றேன்.

"சூப்பர்க்கா" என்றாள் ரேவதி. அவள் தட்டில் வைத்த கொழுக்கட்டை அப்படியே இருந்தது.

நான் இரண்டாவது கோழிக்காலோடு போராடிக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள். "வேலை போயிருச்சுக்கா. ரெண்டு மாசமா இழுத்தடிச்சு நேத்துதான் லெட்டர் குடுத்தாங்க. எங்க டீம் மொத்தத்தையும் எடுத்துட்டாங்க."

கோழிக்காலைக் கீழே வைத்தேன்.

"விசா அந்தக் கம்பெனி பேர்லதான் இருக்கு. வேற கம்பெனி கிடைச்சாத்தான் இந்த ஊர்ல இருக்க முடியும். ஃபிளாட்ல கூட இருக்கிற பொண்ணுங்களும் காலி பண்றாங்க. அந்த வீட்டு ஏஜென்ட்தான் இப்ப ஃபோன்ல. மாசக் கடைசிக்குள்ள சாவியைக் குடுக்கணுமாம்." தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். "புக்கெகோஹில காய்கறி பேக் பண்ற கம்பெனி ஒண்ணு இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஆனா அதுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அதுவரைக்கும் எங்கயாவது இருந்துட்டேன்னா..."

"புக்கெகோஹியோ? எங்கட தகனினியில இருந்து ஒரே ரயில்தான்!"

"ஆமாக்கா" என்றாள் சட்டென்று. "பாத்தேன்."

அவள் ஏன் அதைப் பார்த்து வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஆனாலும் நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரியும் இல்லை. எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. "ரேவதி, எங்கட வீட்டில வந்து இருமன். ஒரு அறை சும்மாதானே கிடக்குது" என்றேன்.

"ஐயோ, வேணாம்க்கா" என்றாள். "உங்களுக்கு எதுக்கு சிரமம்."

இந்த இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்து மனுஷி என்ன செய்திருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அரை மணித்தியாலத்துக்கு முன்னால்தான் நான் நாகரிகம் படித்திருந்தேன். அவளுடைய வார்த்தையை அப்படியே மதித்தேன்.

"சரி, உம்மட விருப்பம்" என்றேன். பிறகு கையை உயர்த்தி, போய்க்கொண்டிருந்த வண்டியை நிறுத்தி, முட்டை டார்ட் என்ற இனிப்பு இரண்டு வாங்கினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாகரிகம் என்பது பாதிப் பொய். அந்தச் சும்மா கிடந்த அறையில் இவருடைய ட்ரெட்மில்லும், தீபாவளி விளக்குகளும், நான் மடிக்காமல் போட்டிருந்த உடுப்பு மலையும் இருந்தன. அவள் வேண்டாம் என்றதும் அவற்றை அப்புறப்படுத்தத் தேவையில்லை என்று மனதில் ஒரு சின்ன நிம்மதி ஓடியது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ரேவதி தேநீர்ச் சாடியை எடுத்தாள். என் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். அது ஏற்கெனவே நிறைந்திருந்ததால் மேசையில் வழிந்தது. அதைத் துடைத்தாள். பிறகு முறுக்கு நன்றாக இருக்கிறது என்றாள், இன்னும் ஒன்றுகூட வாயில் வைக்காமலே.

மழை விடவில்லை. ஒரே குடைக்குள் என்னோடு ரயில் நிலையம்வரை நடந்து வந்தாள். அவளுடைய ஃபிளாட் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். தானியங்கிக் கதவில் நான் அட்டையைத் தட்டி உள்ளே போன பிறகும் வெளியே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு பாசம் இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்து நான் இரண்டு கையாலும் கையசைத்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறுக்குக் கதைக்குச் சிரித்தவர், அறைக் கதைக்கு வந்ததும் டிவி ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"எத்தினை தரம் கேட்டனீர்?"

"ஒருக்கா."

"ஒருக்காவோ! நீரென்ன விசரியோ? தெருவில போற பூனையைக்கூட ரெண்டு தரம் கூப்பிடுறனாங்கள்!"

"அவதான் சொன்னவ, இந்த ஊரில முதல் வேண்டாமே வேண்டாம்தானாம்."

"அவ எந்த ஊர்?" என்று கேட்டார்.

உடனே போன் எடுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோயில், திங்கள் செவ்வாய் வேலை நெரிசல், புதன்கிழமைதான் எடுத்தேன். "இஞ்ச பாரும், கட்டாயம் நீர் எங்களிட்டைத்தான் வரவேணும்" என்று, மூன்று தரம் கேட்கவேண்டியதை ஒரே மூச்சில் கேட்டேன்.

"டிக்கெட் போட்டுட்டேன்க்கா" என்றாள். "திங்கட்கிழமை போட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், புக்கெகோஹி கம்பெனில இன்டர்வியூவும் வேணாம்னுட்டேன்."

விமான நிலையத்துக்கு நாங்கள்தான் கொண்டுபோய் விட்டோம். ஆறு வருட வாழ்க்கை இரண்டு பெட்டிக்குள் அடங்கியிருந்தது. இவர் வண்டியைத் தரிப்பிடத்தில் விடப் போன நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தேன்ல அக்கா. இன்னொரு தடவை கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அவளுடைய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன். "நீர்தானே சொன்னனீர், முதல் தரம் வேண்டாம் எண்டா வேண்டாம்தான் எண்டு!"

"அது இங்க உள்ளவங்களுக்குக்கா" என்றாள். "நமக்கில்ல."

என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான் தரிப்பிடத்தில், வண்டிக்குள் இருந்து, மூக்கு வீங்க அழுதேன்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. சில மாதம் கழித்து, என் கம்பனிக்குப் புதிதாக வந்த சீனப் பெண்ணிடம் இந்த யம்சாக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, தங்கள் வீடுகளிலும் முதல் இரண்டு தரம் மரியாதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்றாள். தள்ளுவண்டிக்காரருக்கு மட்டும் நின்று உபசரிக்க நேரமில்லையாம். அப்படியானால் அந்த இளஞ்சிவப்பு ஏப்ரன் அம்மாவுக்கும் அன்றைக்கு முறுக்கு வேண்டித்தான் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. யார் வந்தாலும், எதுவானாலும் மூன்று தரம் கேட்கவேண்டும். குழாய் திருத்த வந்த வெள்ளைக்காரர் தேநீர் வேண்டாம் என்றார். மூன்றாம் தரம் கேட்டபோது பயந்துபோய் வாங்கி, வாசல் கதவைப் பார்த்தபடியே நின்று குடித்துவிட்டுப் போனார். ஆரணிக்குப் பெரிய பகிடி. யார் வீட்டுக்கு வந்து எதை மறுத்தாலும் ஒரு மூலையிலிருந்து விரலை மடக்கி எண்ணுவாள். ஒரு தரத்தோடு நான் தவறுதலாக விட்டுவிட்டால், "மம், யம்சா!" என்று கத்துவாள். இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். கலியாண வீடுகளில் எல்லாம் இவர் சொல்லித் திரிந்ததில், இப்போது ஒக்லாந்தில் பாதித் தமிழருக்கு இந்தக் கதை தெரியும். முறுக்கோடு முடித்துவிடுவார், அறையைப்பற்றிச் சொல்லமாட்டார். அந்த மட்டில் நல்ல மனுஷன்.

அறையை நான் துப்புரவாக்கிவிட்டேன். ட்ரெட்மில்லை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். புதுக் கட்டில், புது விரிப்பு. யன்னலைத் திறந்தால் ரயில் போகும் சத்தம் கேட்கும்.

போன கிழமை ரேவதி வீடியோவில் வந்தாள். திருச்சியில் ஏதோ சின்னக் கம்பனியில் இருக்கிறாள்; சம்பளம் பரவாயில்லை, ஆனால் வேலை பிடிக்கவில்லையாம். "விசிட்டர் விசாவிலயாவது ஒருக்கா வாருமன், அறை இருக்குது" என்றேன். வேணாம்க்கா என்றாள். "சும்மா ரெண்டு கிழமைக்கு" என்றேன். லீவு இல்லக்கா என்றாள். "எனக்காக வாரும்" என்றேன்.

"மூணு தடவையும் கேட்டுட்டீங்கக்கா" என்றாள். "இது நிஜமாவே வேணாம்."

சோபாவில் ஆரணி மூன்று விரலையும் மடக்கி முடித்திருந்தாள். நான் நாலாம் தரமும் கேட்டேன். ரேவதி பேச்சை மாற்றி, அங்கே மழையா என்று கேட்டாள்.